தோசைத் திருப்பி அக்கா

அந்த அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது என் வீட்டுக் குளியலறையில். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. என் கணவருக்குச் சுரங்கக் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்து, மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டிலிருந்து சாமான்களைக் கொண்டுவந்து இறக்கிய அன்று, பால் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவிவிட்டுத் திரும்பினால் குளியலறைச் சுவரோரம் ஒருத்தி குந்திக்கொண்டிருக்கிறாள். கையில் தோசைத் திருப்பி. அதன் பட்டையான முனை குழாயின்மேல், கைப்பிடி அவள் காதில். திருடி என்று கத்தியிருப்பேன். திருட வருகிறவள் தோசைத் திருப்பியோடு வரமாட்டாளே என்று தோன்றியதால் கத்தவில்லை.

"இப்ப கொழாய மூடனது யாரு? நீயா, உன் வூட்டுக்காரரா?" என்றாள், தலையைத் திருப்பாமலே.

"நான்தான். நீங்க யாருங்க?"

"பக்கத்து வூடு. கொழாய மூடறியா, அடிச்சி சாத்துறியா? சொவத்துல டொம்முனு இடிக்குது. எங்க வூட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு இப்பதான் வந்து படுத்துகினு இருக்காரு."

எழுந்து குழாயைத் திறந்தாள். பிறகு மெல்ல மெல்லத் திருகி மூடிக் காட்டினாள். சுவரில் ஒரு முனகல்கூட இல்லை. "இப்பிடி மூடணும். கொழந்தய தொட்டில்ல போடற மாதிரி" என்றாள். டீ குடிக்கிறீர்களா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் ஆளைக் காணோம். கேட்டைக்கூடச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போயிருந்தாள்.

எங்களுடையது இரட்டை வீடு. நடுவில் ஒரே சுவர். இரண்டு வீட்டுக் குளியலறைக் குழாய்களும் அந்தச் சுவருக்குள்தான் ஓடின. மொட்டை மாடியில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. நாங்கள் இந்தப் பக்கம் திருகினால் அந்தப் பக்கம் இடிக்கும். அவர்கள் அந்தப் பக்கம் குளித்தால் எங்கள் சமையலறை வரை முனகும். கட்டிய காலத்துக் குழாய்கள். சுவருக்குள் எங்கே வளைகின்றன, எங்கே பிடி விட்டுத் தொங்குகின்றன என்று யாருக்கும் தெரியாது. மற்ற வீட்டுக்காரர்கள் அதைச் சத்தமாகவே எண்ணுவதில்லை. மைன்ஸ் பக்கத்தில் குடியிருந்துகொண்டு குழாய்ச் சத்தத்துக்கு முகம் சுளித்தால் ஊர் சிரிக்கும்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கேட் கொக்கியில் பழைய சாக்ஸ் ஒன்று கட்டியிருந்தால் அந்த வீட்டில் நைட் ஷிஃப்ட்காரர் தூங்குகிறார் என்று பொருள். கீரைக்கார அம்மா அந்த வீட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்கமாட்டார். கேஸ்காரர் சிலிண்டரை உருட்டாமல் தோளில் தூக்கிக்கொண்டு போவார். யாரும் பெல் அடிக்கமாட்டார்கள். ஷிஃப்ட் மாறினால் சாக்ஸ் இறங்கிவிடும். அக்கா வீட்டுச் சாக்ஸ் மட்டும் எந்த வாரமும் இறங்கியதில்லை. வெயிலில் வெளுத்து அது என்ன நிறமென்றே தெரியாமல் போயிருந்தது. ஒருநாள் இதைக் கேட்டேன்.

"எந்நேரம் கண்ணசருவாருன்னு யாருக்குத் தெரியும்? அசர்ற நேரத்துக்கு அசரட்டும்" என்றாள்.

அவள் கணவர் மைன்ஸில் மண் தள்ளும் டோசர் வண்டி ஓட்டினார். கம்மாபுரம் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். என்னைப் பார்த்தால் "நல்லாருக்கியாம்மா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விடுவார். கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். குடிப்பாரோ என்று என் கணவர் சந்தேகப்பட்டார். குடியில்லை. தூக்கமில்லை.

அதை அக்காவே சொன்னாள், என் சமையலறை வாசலில் நின்றுகொண்டு. அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயைக் கையில் கொடுத்தால் ஒரு மிடறு குடிப்பாள், எங்காவது ஒரு குழாய் இருமும், டம்ளரை அப்படியே மேடையில் வைத்துவிட்டு ஓடுவாள். ஆடை படிந்த டீ டம்ளர்களாகக் கழுவிக் கழுவி எனக்கு அலுத்துவிட்டது.

"போன வாரம் வண்டில ஒக்காந்தபடியே கண்ணு சொருகிடுச்சாம்மா. வண்டி பாட்டுக்கு ஓடிகினு இருக்குது. பக்கத்துல பள்ளம். கீழ நின்னவரு கல்ல எடுத்து வண்டிமேல அடிச்சி எழுப்பனாராம். இதுவும் அவரு சொல்லல, எழுப்பனவரு பொண்டாட்டி வந்து எங்கிட்ட சொல்லிச்சி. பகல்ல தூங்கினாதான் ராத்திரி பொழைப்பாரு. எங்க தூங்க உடுது இந்தக் கொழா?"

சொல்லி வாய் மூடவில்லை, சுவர் உம்மென்றது. டீ மேடைக்குப் போனது, அக்கா குளியலறைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு எனக்கு அவள்மேல் கோபம் வந்தாலும் நிற்காது. வராமலும் இருக்காது. என் கணவர் ஆசையாக வாங்கிப் பொருத்திய பளபளப்பான அரைத் திருகுக் குழாயை, வெடுக்கென்று மூடுகிறது, அதுதான் சுவரைப் போட்டு இடிக்கிறது என்று கழற்ற வைத்தாள். அவர் பகலில் மட்டும் வேலை பார்க்கும் ஜெனரல் ஷிஃப்ட்காரர், ராத்திரி குறட்டை விட்டுத் தூங்குகிறவர். "நம்ம வீட்டுல எந்தக் குழாய் போடறதுன்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்களா?" என்று குதித்தார். மறுநாள் அவள் முத்தாண்டிக்குப்பத்துத் தம்பி வீட்டிலிருந்து ஒரு முழுப் பலாப்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். சுளை உரித்துத் தின்றுகொண்டே பழைய குழாயைத் தேடி எடுத்தார்.

தெருவில் முக்கால்வாசிப் பேர் செய்கிற ஒரு காரியத்தையும் அவள் நிறுத்தினாள். தண்ணீர் விடாத நேரத்தில், தொட்டிக்குப் போகாமல் நேராக வரும் சமையலறைக் குழாயைத் திறந்தே வைத்திருப்போம். தண்ணீர் வரும்போது முதலில் காற்று சீறும், அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடிவந்து பிடித்துக்கொள்ளலாம். டவுன்ஷிப்பில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அதுதான் அலாரம். அக்கா ஒவ்வொரு வீடாகப் போய் மூடினாள். அடுப்பில் கொதிப்பதைப் பார்க்கமாட்டாள், யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கமாட்டாள், நேராகக் குழாய்க்குத்தான் போவாள். குழாயும் பிடியும் உரசும் இடங்களில் சைக்கிள் டியூபை நறுக்கிச் செருகினாள். தெருவின் வாட்ஸாப் குழுவில் எல்லோரும் காலை வணக்கம் போட்டுக்கொண்டிருக்க, இவள் சுவர் உறுமுகிற சத்தத்தைப் பதிவுசெய்து அனுப்பி, "இது யாரு வூடு?" என்று கேட்பாள். பல்வலி வந்த எருமை என்று ஒருவர் பதில் போட்டார். தோசைத் திருப்பி அக்கா என்ற பெயரும் அந்தக் குழுவில்தான் பிறந்தது. அவள் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை.

அவள் கணிப்பு எல்லாமே சரி என்று நினைத்துவிடாதீர்கள். பின் தெருவில் ஒரு வீட்டுச் சுவரில் சத்தம் இருப்பதாக ஒருநாள் முடிவுகட்டிவிட்டாள். காது கொடுத்துக் கேட்டேன், ஏதோ உர்ரென்றுதான் இருந்தது. பராமரிப்பு வேலைக்கு வந்த கான்ட்ராக்ட் ஆளைக் கையோடு இழுத்துக்கொண்டு போய், அந்த வீட்டம்மா வேண்டாம் வேண்டாம் என்னும்போதே சுவரை உடைக்க வைத்தாள். உள்ளே குழாய் சிமெண்டில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தது. உறுமியது அந்தப் பக்கத்து அறையில் சுவரை ஒட்டி வைத்திருந்த ஃபிரிட்ஜ். மறுநாள் அந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள்! ஓட்டையின்மேல் காலண்டரை மாட்டினார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜி சாப்பிடும்போது ஃபேன் காற்றில் காலண்டர் தூக்கித் தூக்கி ஓட்டையைக் காட்டியது. நல்லவேளையாகச் சம்பந்தம் கூடிவந்தது, இல்லையென்றால் அந்த வீட்டம்மா அக்காவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்.

"ஒரு வார்த்தை மன்னிச்சுக்கோன்னு சொல்லுங்கக்கா" என்றேன்.

"எதுக்கு? அங்க இல்லன்னு தெரிஞ்சிச்சில்ல? இனிமே அந்த வூட்ட உட்டுடலாம்" என்றாள். அவளுக்கு எல்லா வீடும் இரண்டு வகை. சத்தம் உள்ள வீடு, தேடி முடித்த வீடு.

டொம்மென்ற இடியெல்லாம் இப்படி ஒவ்வொன்றாக அடங்கியது. அடங்காதது ஒரு முனகல். காலையில் அவர் வேலை முடிந்து வந்து, குளித்து, இரண்டு இட்லி தின்று, ஜன்னலுக்குப் போர்வை கட்டிப் படுப்பார். கொஞ்ச நேரத்தில் சுவருக்குள் ஆரம்பிக்கும், உம்ம்ம்ம் என்று. வண்டு ஒன்றை டப்பாவில் அடைத்த மாதிரி. நெடுநேரம் இழுத்து, தானே நிற்கும். புகார் கொடுத்தாள். ஆட்கள் வந்தார்கள். அவர்கள் வரும் நேரத்தில் சுவர் நல்ல பிள்ளையாக இருக்கும். ஒரு வாஷரை மாற்றிவிட்டு, "எதுவும் இல்லையேம்மா" என்று போய்விடுவார்கள். அக்கா வாயாலேயே அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். அவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டேன்.

அந்த நாட்களில் அவள் இளைத்துப்போனாள். அவர் தூங்காததால் இவளும் தூங்குவதில்லை. அவர் வேலைக்குப் போன பிறகும் தூங்குவதில்லை, பள்ளத்தை நினைத்துக்கொண்டிருப்பாள். காலையில் ஷிஃப்ட் பஸ் திரும்பும் நேரத்துக்குக் கேட்டில் நிற்பாள். பஸ் முனையில் திரும்பி, அவர் டிபன் பையோடு இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைப்பாள். நாளாக நாளாக நானும் அந்த நேரத்துக்கு ஜன்னலுக்கு வந்துவிடுவேன்.

கடைசியில் துப்புக் கொடுத்தது நான்தான். கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை, மழைக்காலம் முடிந்து கம்பளி துவைத்தேன். துவைக்கக் குழாயைத் திறந்துவிட்டால் சுவர் முனகல் நின்றுவிடுகிறது. மூடினால் சற்று நேரத்தில் மறுபடியும் ஆரம்பிக்கிறது. இதை அவளிடம் சாதாரணமாகத்தான் சொன்னேன். தோசைத் திருப்பியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"தண்ணி தெறந்தா நிக்குதா?"

"ஆமாக்கா. தொட்டி கொஞ்சம் எறங்குது, சத்தம் நிக்குது. ரொம்பிட்டு வர்றப்ப மறுபடியும் வருது."

"அப்ப கீழ இல்லடி. மேல!"

'டி' போட்டு அவள் என்னைக் கூப்பிட்டது அன்றுதான். அவள் வீட்டுக் கூடத்து மூலையில் ஏணி இருந்தது. வெளியே வைத்தால் இரவல் போய்விடும் என்று அவள் அதை வீட்டுக்குள்தான் வைப்பாள். இருவரும் தூக்கிவந்து சாத்தி மேலே ஏறினோம். தொட்டி மூடியைத் தள்ளினாள். உள்ளே தண்ணீர் நிரம்ப நிரம்ப மேலெழுந்து குழாய் வாயை அடைக்க வேண்டிய மிதவைப் பந்து, முழுசாக அடைக்கவும் முடியாமல் திறக்கவும் முடியாமல், அலையில் கிடுகிடுவென்று துடித்துக்கொண்டிருந்தது. அந்தத் துடிப்புதான் குழாய் வழியாக இறங்கி இரண்டு வீட்டுச் சுவரையும் ஊதிக்கொண்டிருந்தது. எத்தனை வீடு, எத்தனை சைக்கிள் டியூப், பின் தெருச் சுவர் வேறு!

அக்கா கையை விட்டுப் பந்தைப் பிடித்தாள். நின்றது. விட்டாள். உம்ம்ம். பிடித்தாள். நின்றது. குழந்தை விளையாடுவதுபோல் மூன்று நான்கு முறை செய்து பார்த்துவிட்டு, "நான் இங்கியே குந்திகினு புடிச்சிகினு இருக்க முடியாதே" என்றாள். நான் கீழே ஓடித் தயிர் கப் ஒன்றும் நைலான் கயிறும் கொண்டுவந்தேன். கப்பைப் பந்தின் அடியில் கட்டித் தண்ணீருக்குள் முங்கவிட்டாள். அது பந்தை ஆடவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. முனகல் போயே போய்விட்டது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. கீழே ஆள் படுத்திருப்பதால் தட்டவில்லை.

ஏணியிலிருந்து இறங்கிப் பூனைபோல உள்ளே போனோம். சுவரில் துளிச் சத்தமில்லை. அறைக் கதவை விரற்கடை திறந்து பார்த்தாள் அக்கா. போர்வை கட்டிய இருட்டில் அவர் மல்லாந்து படுத்திருந்தார். கண்கள் திறந்திருந்தன.

"நின்னுடுச்சா?" என்று கேட்டார்.

"நின்னுடுச்சிங்க. மேல தொட்டில இருந்துச்சி. இனிமே வராது. தூங்குங்க."

"அப்பவும் தூக்கம் வரலியே" என்றார்.

அக்கா சுவரோரம் போனாள். தோசைத் திருப்பியைச் சுவரில் வைத்தாள், காதைக் கொடுத்தாள். ஓரடி தள்ளி வைத்துக் கேட்டாள். மறுபடியும் தள்ளி. "வேற எங்கனா இருக்கும்" என்றாள். ஒன்றுமே இல்லாத சுவரில் அவள் அப்படித் தேடுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர்தான் எழுந்து உட்கார்ந்து, "போதும் விடு" என்றார்.

பிறகு சொன்னார், நான் வாசலில் நிற்பதையும் பொருட்படுத்தாமல். போன வருஷ மழையில் ஒரு ராத்திரி, பள்ளத்து ஓரம் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தபோது ஈர மண் சரிந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றிருக்கிறது. அவ்வளவுதான். யாருக்கும் அடியில்லை, வண்டிக்கும் சேதமில்லை. பின்னுக்கு எடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து கண்ணை மூடினால் படுக்கை சாய்கிறது.

"இத ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"நீதான் கொழா கொழான்னு ஓடிகினு இருந்தியே. சரி, கொழாதான் போலன்னு நானும் நெனச்சிகினேன்."

அக்கா தோசைத் திருப்பியைக் கொண்டுபோய்ச் சமையலறை ஆணியில் மாட்டினாள். வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். "எங்க போற?" என்றார் அவர். "ஆபீசுக்கு. டோசர் வேணாம்னு சொல்லப் போறேன்" என்றாள். அவர் பதறி எழுந்தார். பயப்படுகிறான் என்று சொன்னால் ஆண்கள் மத்தியில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா? போகாதே என்றார், அதட்டினார், கடைசியில் கெஞ்சினார். அவள் நின்றால்தானே! என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம், சுற்றி வளைக்காமல், "அவருக்குத் தூக்கம் வரலங்க. பயப்படறாருங்க. அந்த வண்டில ஏத்தாதீங்க" என்றாள். அங்கிருந்த நாலு பேர் காதிலும் விழுந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

டாக்டரிடம் அனுப்பினார்கள். மருந்து கொடுத்தார்கள். பிறகு வொர்க்‌ஷாப்பில் ஜெனரல் ஷிஃப்ட் போட்டார்கள். கேட்டிலிருந்த சாக்ஸை அக்கா அவிழ்த்து எறிந்தாள். எல்லாம் நல்லபடியாக நடந்ததுபோலத்தான் இருந்தது. ஆனால் அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால், "யாராவது சோறு போட்டா சாப்பிடலாம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். தெருமுனை டீக்கடையில் யாரோ, "என்னப்பா, பொண்டாட்டி லீவு வாங்கிக் குடுத்துடுச்சாமே" என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். அங்கே போவதையும் விட்டுவிட்டார். ராத்திரி தூங்கினாரா என்றால் அதுவும் அரைகுறைதான். அக்காவுக்குக் கால் தரிக்கவில்லை. காது கொடுக்கச் சுவர் இல்லாமல், தெருவிலிருக்கிற எல்லா கேட்டுக்கும் எண்ணெய் போட்டுக்கொண்டு திரிந்தாள்.

"இப்பிடிப் பண்ணிட்டீங்களேக்கா. அண்ணன் பேசாமலே இருந்துட்டா?" என்றேன்.

"பேசாம இருக்கட்டும்" என்றாள். "உசுரோட பேசாம இருக்கட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சுவர் ஊதியது. முன்பு மாதிரி முனகல் இல்லை, வீடே பஸ் ஹாரன்மேல் உட்கார்ந்ததுபோல ஒரு சத்தம். தயிர் கப் கயிறு அறுந்துவிட்டது என்று புரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, கையிலிருந்த தோசைத் திருப்பியோடே பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். ஏணியை எடுக்க வேண்டும்.

கதவு திறந்திருந்தது. கூடத்தில் ஏணிக்குப் பக்கத்தில், ஊதுகிற அந்தச் சுவரிலேயே தலையைச் சாய்த்து அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. பேப்பர் மடியிலிருந்து சரிந்து தரையில் கிடந்தது. பக்கத்தில் அக்கா, கால்களை நீட்டி, தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கப்பு அறுந்துடுச்சு. நான் மேல ஏறி..."

என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "ஏணிய நவுத்தினா முழிச்சிக்குவாரு. ஊதட்டும், விடு" என்றாள் காதோடு.

"பேசினாரா?"

தலையை ஆட்டினாள். "இப்பதான். 'இந்தாடி, ஒன் கொழா திரும்பவும் வந்துடுச்சி பாரு'ன்னாரு. சொல்லிகினே தூங்கிட்டாரு."

சுவர் அலறிக்கொண்டிருந்தது. அவர் ஒரு பெருமூச்சு விட்டுத் தலையை மறுபக்கம் சாய்த்துக்கொண்டார். அக்கா என் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கித் தரையில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, டீ இருக்கிறதா என்று சைகையில் கேட்டாள். போய்ப் போட்டுக்கொண்டுவந்தேன். உட்கார்ந்தபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்று குறையும் சொன்னாள்.